எனக்காக வைத்த பலகை

மல்லிகை மொட்டைக் காம்போடு கிள்ளும்போது ஒரு சத்தம் வரும். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது கேட்காது. நெல் பொரிகிற சத்தத்தில் பாதிதான் இருக்கும், "டிக்" என்று கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிறந்து அங்கேயே செத்துப் போகும். இப்போது பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் என்னை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்தச் சத்தம் மட்டும் போகவில்லை, ஏனென்றால் அது காதில் இல்லை, விரலில் இருக்கிறது. அப்படிக் கிள்ளியதற்காகத்தான் ஒன்பது வயதில், புதுச்சேரியில் ஒரு பூக்காட்சியின் நடுவில் என்னை நிறுத்தி வைத்து "திருடி" என்று சொன்னார்கள். நான் திருடவில்லை. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

உப்பளத்தில் எங்கள் தெரு ஆண்கள் எல்லாரும் மில்லுக்குப் போகிறவர்கள். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் படுப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான். அம்மா தனத்துக்கு மட்டும் சங்கு கிடையாது, அவளுக்கு மல்லிகைதான் மணி. பங்குனி பிறந்துவிட்டால் கோழி கூவும்போதே என்னையும் இழுத்துக்கொண்டு ஊருக்கு மேற்கே இருந்த "மல்லிக் கொல்லை"க்குப் பூப்பறிக்கப் போவாள். அன்றைக்குப் பூக்கப் போகிற மொட்டெல்லாம் வெயில் ஏறுவதற்குள் செடியை விட்டு வந்துவிட வேண்டும். பச்சை மொட்டைத் தொடக்கூடாது, அது நாளைக்கு. வெள்ளையாகப் பருத்து மூக்கு மட்டும் கூராக நிற்கிறதே, அது இன்றைக்கு. கொல்லைக்காரர் பின்னாலேயே வருவார். நாம் பறித்துவிட்டுப் போன பாத்தியில் ஒரு வெள்ளை மொட்டு மிச்சம் இருந்தாலும், "கண்ணை எங்கடி அடகு வெச்சே?" என்று எல்லார் எதிரிலும் கேட்பார். கூலியும் மொட்டுதான். அதை ஈரத்துணியில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, மத்தியானம் வாழை நாரில் கட்ட உட்கார்ந்தால், விளக்கு வைப்பதற்குள் கட்டி விற்றாக வேண்டும். "மொட்டு வாயைத் திறந்தா நம்ம வாயை மூடிக்கணும்" என்பாள் அம்மா. பூத்துவிட்டதை யாரும் வாங்கமாட்டார்கள், அன்றைக்கு அடுப்பு இல்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடம் போன இரண்டு வருஷத்தில் நான் கற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒன்றைத்தான் நன்றாகக் கற்றிருந்தேன்.

நான் சொல்கிறது கொடி மாறுவதற்குச் சில வருஷம் முந்தி, பிரெஞ்சுக்காரன் காலத்தில், ஒரு மாசி மாசம். ஊரின் பெரிய தோட்டத்தில் பூக்காட்சி வைத்திருந்தார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுப் பூந்தொட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கிவிடுவார்கள், கடைசி நாள் சாயங்காலம் ஒரு வெள்ளைக்கார "முசியே" வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பரிசு சொல்லுவார். அதே கடைசி நாள் மத்தியானத்தில் மட்டும், நாலு மணி அடிக்கிற வரைக்கும், எங்களைப் போன்றவர்களும் உள்ளே வரலாம் என்று தண்டோரா போட்டார்கள்.

அதைக் கேட்டுவிட்டு எங்கள் தெரு லூர்து அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. அவள் கன்னியர் மடத்தில் தையல் வேலை பார்த்தவள், அதனால் நாலு பிரெஞ்சு வார்த்தை தெரியும், அதனால் எங்களையெல்லாம் மேய்க்கிற உரிமை தனக்கு உண்டு என்று அவளுக்கு எண்ணம். எங்களுக்கும் அப்படித்தான் எண்ணம். "பூவை மட்டும் பார்த்துட்டு வர்றதா? வெள்ளைக்கார மதாமுங்க எல்லாம் ஒரே நாள்ல ஊரையே சுத்திப் பார்க்குறாங்க, அதுக்கு 'தூர்'னு பேரு. நாமளும் போவோம். முதல்ல பூக்காட்சி, அப்புறம் ஆயி மண்டபத்துப் பூங்கா, கடைசியில கலங்கரை விளக்கம். அங்க படிக்காவல்காரரு எனக்குத் தெரிஞ்சவரு, மேல ஏத்தி விடுறேன்னு வாக்குக் கொடுத்திருக்காரு" என்றாள்.

பட்டுச் சின்னம்மா வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "தூரா? கொளத்துல வாருறமே, அந்தத் தூரா?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. சிரித்தாலும் பதினோரு பெண்கள் பேர் கொடுத்தார்கள். மில்லுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றுகிற மாட்டுவண்டி இரண்டைப் பேசினார்கள். நடந்தால் ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற தூரம்தான், அதற்கு ஏன் வண்டி என்று அம்மா கேட்டதற்கு லூர்து அக்கா, "நடந்து போனா வேடிக்கை பார்க்க வந்தவங்க. வண்டியில போய் இறங்குனா விருந்தாளிங்க" என்றாள். அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எனக்குப் பூவைப் பார்ப்பதில் ஒரு ஆசையும் இல்லை, பூவோடு பிறந்து பூவோடு கிடக்கிறவள் நான். எனக்கு வேண்டியது கலங்கரை விளக்கம். மேலே ஏறிப் பார்த்தால் எங்கள் வீட்டுக் கூரை தெரியுமா என்று ஒரு வாரமாக எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டியில் ஏறுவதற்கு முன் லூர்து அக்கா எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கட்டளை சொன்னாள். எச்சில் துப்பக்கூடாது. சத்தம் போட்டுக் கூப்பிடக்கூடாது. புல்லில் உட்காரக்கூடாது. மதாம் யாராவது எதிரில் வந்தால் ஒதுங்கி "போன்ஷூர்" என்று வணக்கம் சொல்ல வேண்டும். புளிச்சோற்று மூட்டையை உள்ளே பிரிக்கக்கூடாது. எல்லாம் சொன்னாள், பூவைப் பறிக்கக்கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. மடத்தில் வேலை பார்த்தவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றியிருக்காது.

உள்ளே போனதும் எங்கள் ஆட்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு பூவை, அப்படி ஒரு நிறத்தில், சாமி படத்தில்கூடப் பார்த்ததில்லை. தட்டு மாதிரி ஒன்று, குஞ்சலம் மாதிரி ஒன்று, வாயைப் பிளந்துகொண்டு நாக்கை நீட்டுகிற மாதிரி ஒன்று. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சீட்டு சொருகி, பூவின் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் பிரெஞ்சில் எழுதியிருந்தது. லூர்து அக்கா ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள். "இதை எந்தச் சாமிக்கு வெப்பாங்க?" என்று பட்டுச் சின்னம்மா கேட்டாள். எந்தச் சாமிக்கும் வைக்கமாட்டார்களாம், தலையிலும் வைக்கமாட்டார்களாம், பார்ப்பதற்காம். "வாசனையாச்சும் உண்டா?" அதுவும் இல்லையாம். "அப்போ இது பூ இல்லடி, பொம்மை" என்று சின்னம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

எனக்குக் கால் சும்மா இருக்கவில்லை, வரிசையை விட்டுக் கொஞ்சம் முன்னால் போய்விட்டேன். ஒரு திருப்பத்தில், நீலப் பூ வேலை செய்த சீனத் தொட்டி ஒன்றில், மல்லிகைச் செடி நின்றது. என் இடுப்பு உயரம் இருக்கும். பங்குனியில் வர வேண்டிய மொட்டு மாசியிலேயே வந்திருந்தது, கிளை கிளையாக, வெள்ளை வெளேரென்று பருத்து, மூக்கைக் கூராக நீட்டிக்கொண்டு. மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. என் மனதில் அப்போது ஓடியது எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது: ஐயையோ, யாரோ இந்தச் செடியைப் பறிக்க மறந்துவிட்டார்கள், இன்னும் கொஞ்ச நேரம் போனால் எல்லாம் வாயைத் திறந்துவிடும்.

அவ்வளவுதான். பாவாடை முன்மடிப்பைத் தூக்கி மடியாகப் பிடித்துக்கொண்டு கிள்ள ஆரம்பித்தேன். கொல்லையில் பறிக்கிற மாதிரியே, கீழ்க்கிளையிலிருந்து மேலே, செடியைச் சுற்றி வந்து, இலை மறைவில் ஒளிந்திருக்கிறதைக்கூட விடாமல். பச்சை மொட்டு ஒன்றைத் தொடவில்லை. நாற்பதுக்கு மேல் இருக்கும். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, பாராட்டுவார்கள் என்றுதான் நின்றேன்.

காதைப் பிடித்து யாரோ திருகினார்கள். திரும்பினால் ஒரு அம்மாள். தெருவில் "சொல்தா வீட்டு மதாம்" என்று சொல்லுவோமே, அவர்களில் ஒருத்தி. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்வந்து பென்ஷன் வாங்குகிற குடும்பம். நம்மைப் போலத் தமிழ்க்காரிதான், பட்டுப் புடவைதான், ஆனால் செருப்பு குதிகால் வைத்தது. அவளுடையதுதான் அந்தத் தொட்டி.

"திருடி! திருடி! யார் உன்னை உள்ளே விட்டது?"

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. "திருடினா மறைச்சு வெப்பேன். மடியை விரிச்சுக்கிட்டுதானே நிக்கிறேன்" என்றேன்.

இந்தப் பதில்தான் காரியத்தைக் கெடுத்தது என்று லூர்து அக்கா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். மதாம் கையைத் தட்டிச் சிவப்புத் தொப்பிச் சிப்பாயைக் கூப்பிட்டாள். லூர்து அக்கா ஓடிவந்து "பர்தோன் மதாம், பர்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக் கைகூப்பிக்கொண்டு நின்றாள். மதாம் அவளைப் பார்க்கவே இல்லை. "நீ கேட்டா போதாது. இவ என் கால்ல விழுந்து கேக்கணும். இல்லன்னா சிப்பாய்கிட்ட ஒப்படைச்சிடுவேன். இவ கூட வந்த கூட்டம் மொத்தமும் இப்பவே வெளியே போகணும். இனிமே உங்க தெரு ஆளு ஒருத்தர் இந்தக் கேட்டுக்குள்ள கால் வெக்கக்கூடாது."

பதினோரு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.  லூர்து அக்கா என் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். "விழுடி, ஒரு நிமிஷம்தான், விழுந்து எழுந்துடு" என்று காதில் சொன்னாள். நான் முழங்காலை மடக்கவில்லை. ஆனால் பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். சிப்பாய் என்றால் எங்கள் தெருவில் ஆண்களுக்கே பயம்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் மதாமைப் பார்க்கவில்லை, சிப்பாயைப் பார்க்கவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து என் மடியைப் பார்த்தாள். கைவிட்டு ஒரு தடவை அளைந்து பார்த்தாள். பிறகு செடியைப் பார்த்தாள்.

"முத்துனதாப் பார்த்துதான் கிள்ளியிருக்குது. பச்சை ஒண்ணுகூட இல்ல" என்று யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அந்த வேளையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் தோட்டக்காரர் மாணிக்கம் அங்கே நின்றுகொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தோம். மதாம் வீட்டில் செடிகொடிகளைப் பார்க்கிறவர். கையில் பூவாளி. மொட்டை இழந்த செடியைப் பார்த்துக்கொண்டு, "முன்னாடியே கவாத்துப் பண்ணி, தண்ணி நிறுத்தி, இலையை உருவிவிட்டு, பனிக்குச் சாக்குப் போட்டு... இன்னைக்குச் சாயங்காலம் முசியே எதிர்ல பூக்கட்டும்னு நாள் கணக்குப் பார்த்து வெச்சேன் தாயி" என்றார். மதாம் அவர் பக்கம் திரும்பி, "நீ எங்கே போயிருந்தே? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே" என்றாள்.

அம்மாவின் முகம் அங்கேதான் மாறியது. மாசியில் மல்லிகையைப் பூக்க வைப்பது என்ன வேலை என்று அந்தத் தோட்டத்தில் இருந்தவர்களில் அவளுக்கும் அவருக்கும்தான் தெரியும். "அஞ்சல, அந்த மாமாகிட்டக் கேளு" என்றாள். நான் மாணிக்கத்தின் எதிரில் போய் நின்று, "தெரியாமப் பண்ணிட்டேன் மாமா, யாரோ பறிக்க மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றேன். அவர் பாவம், தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்படியே மதாம்கிட்டயும் கேட்டுடச் சொல்லு தனம்" என்று லூர்து அக்கா கெஞ்சினாள்.

"அவங்க இந்தச் செடிக்கு இன்னா பண்ணாங்க? பேரு எழுதிச் சொருகுனாங்க. உழைச்ச ஆளுகிட்டக் கேட்டாச்சு" என்றாள் அம்மா. பிறகு முதல் தடவையாக மதாமை நிமிர்ந்து பார்த்தாள். "கிள்ளுன மொட்டு செத்துப்போகலீங்க. செடியில இருந்தாலும் சாயங்காலம் பூக்கும், நாருல இருந்தாலும் சாயங்காலம் பூக்கும். அதுக்குக் காம்பு தெரியாது, நேரம்தான் தெரியும். எடுத்த எடத்துலயே ஒவ்வொண்ணாக் கட்டிவெச்சா உங்க முசியேவுக்கு மட்டுமில்ல, பூத்த செடிக்கே வித்தியாசம் தெரியாது. நான் கட்டித் தர்றேன்."

மதாம் என் மடியைப் பார்த்தாள். தோட்டத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். முசியே ஐந்து மணிக்கு வருவார். பக்கத்துத் தொட்டிகளைப் பார்த்தாள், அதெல்லாம் மற்ற மதாம்களுடையது. கடைசியில், "சரி, கட்டு" என்றாள்.

அம்மா அசையவில்லை. இடுப்பில் எப்போதும் சொருகியிருக்கிற நார்ச்சுருளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். "எம் பொண்ணைத் திருடின்னு சொன்னதை முதல்ல திருப்பி எடுத்துக்குங்க. இவரு வேலையும் போகக்கூடாது. அப்புறம் உக்கார்றேன்."

சிப்பாய் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மதாமுக்குக் கழுத்து சிவந்துபோனது. "மாணிக்கம் இருக்கட்டும்" என்றாள். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு உதட்டுக்குள்ளேயே, "பர்தோன்" என்றாள்.

லூர்து அக்காவுக்கு உயிர் வந்தது. "பர்தோன் சொல்லிட்டாங்க தனம், பர்தோன்னா மன்னிப்பு, சொல்லிட்டாங்க, உக்காரு உக்காரு."

அம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியும். புதுச்சேரியில் அது தெரியாதவர்கள் யார்? ஆனாலும் அம்மா, "எனக்குப் பிரெஞ்சு வராதுங்க மதாம். திருடின்னு தமிழ்லதானே சொன்னீங்க?" என்றாள்.

பட்டுச் சின்னம்மா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள்.  கடிகாரம்தான் எங்கள் பக்கம் இருந்தது. கடைசியில் மதாம் என் பக்கம் திரும்பி, என்னைப் பார்க்காமல் என் பாவாடை ஓரத்தைப் பார்த்து, "தப்பாச் சொல்லிட்டேன். பிள்ளை திருடல" என்றாள்.

அம்மா செடிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். புல்லில்தான் உட்கார்ந்தாள், லூர்து அக்கா தடுக்கவில்லை. நாரைப் பூவாளித் தண்ணீரில் நனைத்து என்னிடம் கொடுத்தாள். கிழிக்கிறது என் வேலை. நகத்தால் கீறி, பல்லால் பிடித்து இழுத்து, தலைமயிர் பருமனுக்கு ஒவ்வொரு இழையாகக் கிழித்துக் கொடுத்தேன். அம்மா மொட்டின் அடியையும் செடியின் காம்பையும் சேர்த்து வைத்து, இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, நகத்தால் ஒரு வெட்டு. பூக்கட்டுகிறவள் விரல் எப்படிப் போகும் என்று பார்த்திருக்கிறீர்களே, அதே வேகம். மாணிக்கம் பக்கத்தில் குந்திக்கொண்டு எந்தக் கிளையில் எத்தனை இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் ஒவ்வொரு மொட்டையும் எண்ணி வைத்திருந்தார்.

மற்ற பத்துப் பேரும் எங்களைச் சுற்றிப் புடவையை அகல விரித்துவிட்டுக்கொண்டு, செடியை வியந்து பார்க்கிற மாதிரி நின்றார்கள். யாராவது பெரிய மனிதர்கள் அந்தப் பக்கம் வந்தால் பட்டுச் சின்னம்மா உரக்க, "ஆகா, இன்னா மணம், இன்னா மணம்" என்பாள். மொட்டுக்கு ஏது மணம்? நாலு மணி அடித்தது. எல்லாரையும் வெளியேற்ற வேண்டிய சிப்பாய் மதாமைப் பார்த்தார். மதாம், "இவங்க என் ஆளுங்க, இருக்கட்டும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?" என்று சின்னம்மா என் காதில் கேட்டாள்.

கடைசி மொட்டை அம்மா கட்டி முடிக்கும்போது, முதலில் கட்டிய கீழ்க்கிளையில் ஒன்று மூக்கு விரிந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. வாசனை வர ஆரம்பித்தது. அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, ஒரு அடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்ததை நான் பிறகு எந்தக் கல்யாணத்திலும் எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை. மதாமிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பக்கத்து வாசல் வழியாக வெளியே வந்தோம்.

ஆயி மண்டபத்துப் பூங்காவை வண்டியில் இருந்தபடியே பார்த்தோம். கலங்கரை விளக்கத்துக்குப் போனபோது காவல்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார். அப்போதுதான் நான் அழுதேன். காதைத் திருகியபோது வராத அழுகை, அந்தப் பூட்டைப் பார்த்ததும் வந்தது. "உன்னாலதான்டி எல்லாருக்கும் மேல ஏற முடியாமப் போச்சு" என்று யாரோ ஆரம்பிக்க, "இன்னொரு நாளு ஏறிக்கலாம், இன்னைக்குப் பார்த்ததை இன்னொரு நாளு பார்க்க முடியுமா?" என்று சின்னம்மா அடக்கிவிட்டாள். அம்மா புளிச்சோற்றை உருட்டி என் கையில் வைத்து, "மேல ஏறி இன்னா பார்க்கப் போற? கீழ இருக்கிற நம்மளைத்தான்" என்றாள். எங்கள் தெருவுக்கு வண்டி போய்ச் சேருவதற்குள் மதாம் "பர்தோன்" சொன்னதை ஆளுக்கு ஒரு தரம் நடித்துக் காட்டிவிட்டார்கள்.

மறுநாள் மாணிக்கம் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். முதல் பரிசாம். முசியே செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, இப்படி ஒரே சீராகப் பூத்த மல்லிகையைப் பார்த்ததே இல்லை என்றாராம். மாணிக்கம் மடியிலிருந்து ஒரு வாழை இலைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். பிரித்தால் உள்ளே பொடிப்பொடியாக நார் முடிச்சுகள். விடிந்ததும் அதையெல்லாம் எடுத்துவிடச் சொல்லி மதாம் உத்தரவாம். "நாரைக் கொண்டாந்தியே அண்ணே, பூவைக் கொண்டாந்திருந்தாலும் தலையில வெச்சிருப்பேன்" என்று அம்மா சிரித்தாள்.

அதற்குப் பிறகு மதாம் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அம்மாதான் பூக்கட்டிக் கொடுத்தாள் என்று முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் நடக்கவில்லை. கடைத்தெருவில் எதிரில் வந்தால் எங்களைத் தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவே மாட்டாள். நாங்களும்தான். ஆனால் அடுத்த மாசியில் பூக்காட்சி வைத்தபோது தோட்டத்து வாசலில் புதிதாக ஒரு பலகை நின்றது, மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். லூர்து அக்கா விரலை வைத்துப் படித்தாள்: "பூக்களைப் பறிக்கக்கூடாது." அதற்கு முந்தின வருஷம் அந்தப் பலகை கிடையாது. "நம்ம தெருவுக்குன்னே போட்டிருக்கான்" என்றாள் சின்னம்மா, ஏதோ மகாராணி பட்டம் கொடுத்த மாதிரி.

இதெல்லாம் ஏன் இப்போது என்றால், சுனாமி வந்து இரண்டு வருஷம் கழித்து, எங்கள் மகளிர் குழுத் தலைவி சுமதி ஒரு வேன் பேசினாள். பூக்காட்சி, அப்புறம் படகுத்துறை, அப்புறம் ஊசுட்டேரி, ஒரே நாளில். வேனில் ஏறுவதற்கு முன் எங்களை நிற்க வைத்துக் கட்டளையும் சொன்னாள். பிளாஸ்டிக் பையை வீசக்கூடாது, தனியாகப் போகக்கூடாது, எதையும் தொடக்கூடாது. கடைசியைச் சொல்லும்போது ஏனோ என்னைப் பார்த்தாள். என் விரலைப் பற்றி அவளுக்கு யார் சொன்னார்களோ.

உள்ளே எங்கும் கயிறு கட்டியிருந்தது. தொட்டிக்கு ஒரு பலகை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனாலும் நின்று படித்தேன். பூக்... களைத்... தொடா... தீர்கள். பறிக்காதே என்றிருந்தது இப்போது தொடாதே என்று ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். "இந்தப் பலகை என்னாலதான்டி வந்துச்சு" என்று சுமதியிடம் சொன்னேன். "ஆமாம் பெரியம்மா, நீங்கதான் கவர்னர்" என்று சொல்லிவிட்டு அவள் செல்போனில் படம் பிடிக்கப் போய்விட்டாள்.

மல்லிகை ஒரு தொட்டிகூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நாங்கள் பறித்த கொல்லையில் இப்போது வீட்டுமனை, ஏதோ ஒரு நகர். மில் சங்கு நின்று வருஷம் பல ஆயிற்று. லூர்து அக்காவும் இல்லை, அம்மாவும் இல்லை. கலங்கரை விளக்கம் நிற்கிறது, ஆனால் விளக்கு எரிவதில்லை, ஏற யாரையும் விடுவதில்லை, ஆகவே என் கூரை தெரியுமா என்பது கடைசி வரைக்கும் தெரியாமலே போனது. போகட்டும். இப்போது மார்க்கெட்டில் பூக்கட்டுகிற பெண்களிடம் நார் கேட்டால் சிரிக்கிறார்கள். எல்லாம் நூல்தான்.

வெளியே வருகிற வழியில் ஒரு டேலியாத் தொட்டி. சோற்றுத் தட்டு அகலத்துக்குச் சிவப்புப் பூ, கழுத்தில் முதல் பரிசுச் சீட்டு. எதற்கோ எனக்கு அங்கே கால் நின்றது. கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்தே குனிந்து பார்த்தேன். பூவுக்கு அடியில், இலை மறைவில், தண்டு முறிந்திருந்தது. முறிந்த இடத்தை ஒரு குச்சியோடு சேர்த்துப் பச்சை நூலால் கட்டியிருந்தார்கள். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, ஒட்ட வெட்டியிருந்தது. தோட்ட வேலைக்காரன் போடுகிற முடிச்சு அல்ல அது. பூக்கட்டுகிறவள் முடிச்சு.

"பாட்டி, தொடாதீங்க" என்று காவல்காரப் பையன் ஓடிவந்தான்.

"தொடலப்பா" என்றேன்.

சுமதி திரும்பி வந்து, "இன்னா பெரியம்மா அப்படிக் குனிஞ்சு பார்க்குறீங்க, இன்னா இருக்குது அங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நல்ல கை" என்று சொல்லிவிட்டு வேனுக்கு நடந்தேன்.